ஐம்பத்தொன்றாவது ஆள்

ஐம்பத்தொன்றாவது ஆள் சேர்ந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அப்பா கேட்டார்.

மாதம் எண்பத்தொன்பது வெள்ளி என்றேன்.

எங்கள் ஊரான குளுவாங்கில் தேவாலயத்துக்காரர்களுக்கு நான் செய்து கொடுத்த வரன் தேடும் இணையதளம் அது. எனக்குக் கோடிங் ஒரு வரி தெரியாது. கட்டங்களை இழுத்து வைத்தாலே தளம் தயாராகிவிடும் மென்பொருள். ஐம்பது பேர் வரை இலவசம். ஒரு தலை கூடினாலும் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

போன வாரம் லாபிஸ் ஊரிலிருந்து ஒரு பெண் பதிந்ததோடு ஐம்பது நிறைந்துவிட்டது. சபையில் கேட்டேன். கூரை ஒழுகுவதற்கே காசு இல்லை என்றார்கள். இனி யார் வந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அப்பா ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் பக்கமே வராத மனிதர், இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கட்டண விவரத்தை வரி வரியாக வாசிக்கச் சொன்னார்.

சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்களும் கணக்கா? இல்லை. போட்டோ போடாதவர்? கணக்குதான். ஒருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அந்த இடம் காலியாகுமா? ஆகும். பாரத்தை நிரப்பிவிட்டு அனுப்பாமல் விட்டால்? வரைவாகக் கிடக்கும், கணக்கில் வராது.

"அப்ப சரி லா. யாருக்காச்சும் கல்யாணம் ஆகட்டும், காத்திருக்கலாம். என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு கோப்பி கலக்கப் போனார்.

சபைப் பணத்தின் மேல் இவருக்கு எவ்வளவு அக்கறை என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி என்னை விடவில்லை. வரைவுகளை நான் திறந்து பார்த்ததே இல்லை.

ஒன்றே ஒன்று கிடந்தது. மூன்று வாரத்துக்கு முந்தியது, கைபேசியிலிருந்து நிரப்பியது.

பெயர்: மரியநாதன். வயது: அறுபத்திரண்டு. மனைவி காலமாகி ஆறு வருடம்.

அப்பா.

அம்மாவின் இடத்தில் இன்னொருத்தியா என்று ஒரு நிமிடம் எனக்குக் கோபம்தான் வந்தது. மேலே வாசித்தேன்.

பிள்ளைகள்: ஒரே மகள், நிக்கோல். நான்தான்.

அடுத்த கட்டம் நானே கட்டாயமாக்கி வைத்தது. அதை நிரப்பாமல் பாரம் போகாது.

பிள்ளைகளின் சம்மதம்: இன்னும் கேட்கவில்லை.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த இரண்டு வார்த்தைகளையும் அழித்தேன். 'உண்டு' என்று அடித்தேன்.

பிறகு பணம் கட்டும் பக்கத்தைத் திறந்து என் கார்டு எண்ணைப் போட ஆரம்பித்தேன்.