எண்ணெய் உஸ்ஸென்றது

"இன்னைக்கும் தேறல" என்று காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார் ஜூனியர் இன்ஜினீயர் ஜானகிராமன்.

செய்யூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். முதல் தடவையாகக் கரண்ட் வரப்போகிறது. டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் கொஞ்சம் எடுத்து, கையால் சுற்றும் ஜெனரேட்டரில் மின்சாரத்தை மெல்ல ஏற்றி, முதல் 'உஸ்' எந்த வோல்டேஜில் கேட்கிறதென்று பார்க்க வேண்டும். சீக்கிரமே கேட்டால் எண்ணெயில் ஈரம். கேட்பவர் ஒருவர்தான். அவர் வைத்ததே சட்டம்.

மிராசுதார் முத்துசாமிக்கு அவசரம். வெள்ளிக்கிழமை மகள் கல்யாணம். சீரியல் லைட்டெல்லாம் செங்கல்பட்டிலிருந்து வந்து இறங்கியாச்சு.

"ஏன் சார், எண்ணெய் இன்னா பாம்பா, உஸ்ஸுங்கறதுக்கு?"

"ஈரம் இருக்குங்க. இன்னொரு தடவை வடிகட்டணும்."

"மேலிடத்துல சொல்லி உம்மைத் தண்ணி இல்லாத காட்டுக்கு மாத்தறேன், பாரும்."

"மாத்துங்க. அங்கே எண்ணெயில ஈரம் இருக்காது."

வடிகட்டும் மெஷின் டீசலில் ஓடியது. ஆட்கள் அப்பாடா என்று சவுக்குத் தோப்பில் சாய்ந்தார்கள். பொறுக்குமா ஜானகிராமனுக்கு?

"ஏசுபாதம், சும்மா உட்கார்ந்து சம்பளமா? பிளான்ல மீதி இருக்கிற கம்பத்தையெல்லாம் நட்டு, கம்பி இழுக்கச் சொல்லு."

லைன்மேன் ஏசுபாதம் தயங்கினான். மீதிக் கம்பம் அத்தனையும் அவன் குடியிருக்கும் சேரித் தெருவுக்கு.

"மிராசுதார் தன் வூட்டோட நிறுத்தச் சொல்லிக்கீறாரே சார். கரண்ட் வந்ததும் நம்மளை அடுத்த ஊருக்குப் போவச் சொல்லிடுவாங்களே."

"வந்தப்புறம் போகலாம். இப்போ வேலையைப் பாரு."

எண்ணெயையும் தேற விட மாட்டார், அடுத்தவனையும் உட்கார விட மாட்டார். நல்ல அதிகாரி.

மறுநாளும் உஸ். அதற்கு மறுநாளும் உஸ். கல்யாணம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மிராசுதார் தலை நிமிரவில்லை.

சனிக்கிழமை பார்த்தால், எண்ணெய் திடீரென்று உத்தமியாகிவிட்டது.

சுவிட்சைப் போட்டார்கள். மிராசுதார் வீட்டில் விளக்கு எரிந்தது. சேரித் தெரு முழுக்கவும் எரிந்தது. ஏசுபாதத்தின் மனைவி சாராள் வாசலில் நின்று அழுதே விட்டாள். ஆட்கள் அடுத்த ஊருக்கு மூட்டை கட்டினார்கள்.

ஏசுபாதம் தலையைச் சொறிந்தபடி வந்தான்.

"சார், இத்தினி நாளா எண்ணெய் அப்டி இன்னா சார் சத்தம் போட்டுச்சு?"

ஜானகிராமன் கருவிப் பெட்டியை மூடினார்.

"அது முதல் நாள்லேருந்தே வாயைத் திறக்கலய்யா. சத்தம் போட்டதெல்லாம் மிராசுதார்தான்."