புளி போட்டுத் தேய்த்த சென்ட்

திண்டிவனத்து வீட்டின் சமையல்கட்டில், ஜன்னல் வெயில் விழுகிற இடத்தில், சன்மதி உள்ளங்கையை நீட்டியபடி நிற்கிறாள். அதில் அமெரிக்காவின் பழைய செப்புச் சென்ட் ஒன்று, விளக்கிய குத்துவிளக்கைப் போலப் பளபளக்கிறது. 1794இல் சென்ட் அடித்த அச்சுகளில் ஒன்றில் மட்டும் விளிம்பைச் சுற்றிப் பொடி நட்சத்திரங்கள் உண்டு. அந்த அச்சில் விழுந்த காசு இது. இதைத் தேடியே, பழங்காசு சேர்க்கும் அவள் கணவன் பத்மகுமாருக்குப் பாதி ஆயுசு போயிருக்கிறது. இருநூறு வருடத்துக்கு மேல் ஏறி, காசுக்கு விலை சேர்த்திருந்த கருப்பை அவள் ஓர் உருண்டைப் புளியில் கழுவிவிட்டாள்.

"அழுக்குன்னு நெனச்சிக்கினு தேச்சிட்டேங்க" என்கிறாள்.

அவன் காசை வாங்கி, லென்ஸைக் கண்ணில் வைத்து மெல்லத் திருப்புகிறான். குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது.

"ஏதாவது பேசுங்க. திட்டவாச்சும் திட்டுங்க."

"மேல்தோலு போயிடுச்சு சன்மதி. இனிமே இத யாரும் சீந்த மாட்டாங்க." அவன் லென்ஸையும் காசையும் அவளிடம் நீட்டுகிறான். "நட்சத்திரம் அப்டியேதான் இருக்குது. நீயே பாரு."

அவள் காசைத் தொடப் பயந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.