அரக்குப் புடவை

செங்கமலத்தின் தங்கை நிலவரசி இறந்து ஒரு வருடமாகியும், அவள் யூடியூப் சேனல், செயற்கை நுண்ணறிவால், அவள் முகத்தோடும் குரலோடும் தானாகவே பேசிக்கொண்டிருந்தது. பார்வையாளர்கள் குறைந்தால் மதம் மாறும். ஆறு மாதத்தில் மூன்று மதம் பார்த்தாகிவிட்டது. நேற்று, "நான் திருநங்கையானது தப்பு, மறுபடியும் ஆணாகிட்டேன்" என்று அழுதது. பார்வை பத்து லட்சத்தைத் தாண்டியது.

நினைவுநாள் படையலுக்குத் துணி எடுக்கக் கிளம்பிய செங்கமலத்தின் கணவர் தனபால் வாசலில் தயங்கினார்.

"கமலம், புடவையா, வேட்டியா?"

"செத்தவ எப்படிங்க மனசு மாறுவா?"

"உள்ளுக்குள்ள அப்படி நெனச்சிருந்தாளோ என்னவோ."

அது செங்கமலத்தைக் குத்தியது. போனில் அந்தச் சேனலையே கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஏய், நாம முடியப் பிடிச்சு சண்டை போட்டோமே, அந்த அரக்குப் புடவை யாருக்குடி நல்லா இருந்துச்சு?"

திரையில் நிலவரசி கனிவாகச் சிரித்தாள். "உங்களுக்குத்தான்க்கா."

செங்கமலத்துக்கு ஒரு வருடம் கழித்துச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கடைக்குப் போகாதீங்க. இது அவ இல்ல. சாகுற வரைக்கும் அவ இத ஒத்துக்கல!"

பீரோவிலிருந்து அரக்குப் புடவையை எடுத்து, படையல் இலைக்கு முன்னால் வைத்தாள்.

"இந்தாடி. உனக்குத்தான் நல்லா இருந்துச்சு."