தானாக வர வேண்டிய புறா

கூடைக்கடியில் புறாவைத் தவிர எல்லாம் வந்தன.

சிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து தின்றுவிட்டுப் போயின. மைனாக்கள் சண்டை போடுவதற்கென்றே வந்தன. அணில் ஒன்று, எங்கள் ரேஷன் கார்டில் பெயர் ஏறியதுபோல, தினமும் அதே நேரத்துக்கு வந்தது.

கொய்யா மரத்தடியில் கூடையைக் கவிழ்த்து, ஒரு பக்கம் மட்டும் தூக்கிக் குச்சியால் முட்டுக் கொடுத்திருந்தேன். குச்சியில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். கூடைக்கடியில் ராகி, பக்கத்தில் பழைய பீங்கான் தட்டில் தண்ணீர்.

இன்றோடு இருபத்து மூன்று நாள்.

சுதந்திரம் வந்து நாலு வருஷமாகியும் ராகிக்கு வரிசையில் நிற்கிற காலம். அந்த ராகியை மண்ணில் இறைக்கிறேன் என்று பக்கத்து வீட்டு நாச்சம்மாள் மதில் மேலாக எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினாள். கொட்டட்டும். அவள் பிள்ளைகள் மூன்றும் தெருவில் ஓடுகின்றன.

என் மோலிக்கு ஆறு வயது. போன மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் கட்டிலை விட்டு இறங்கினாள். வலது கால் அவளோடு வரவில்லை.

இளம்பிள்ளை வாதம் என்றார் பெரிய டாக்டர். தினமும் தேய்த்துவிடுங்கள் என்றார். நடப்பாளா என்று கேட்டேன். தேய்த்துவிடுங்கள் என்று மறுபடியும் சொன்னார்.

அதனால்தான் ஹனூர் பக்கம் போய் வைத்தியர் ஜடையனைப் பார்த்தேன். மூலிகைப் பொடி ஒரு பொட்டலம் கொடுத்தார். முதல் நாள் மணிப்புறாவின் சூடான ரத்தத்தில் குழைத்துப் பூச வேண்டும். அப்புறம் நாற்பத்தெட்டு நாள் எண்ணெயில். கால் எழும்பிவிடும். ஆனால் அந்தப் புறாவுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்.

"வலை போட்டுப் புடிச்சதும் ஆவாது, சந்தையில வாங்குனதும் ஆவாது. அதுவா உன்ற மனைக்கு வந்து, நீ போட்ட தீனியத் தின்னோணும்."

கூடை வலையில் சேருமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சேராது என்றார்.

என் மனைவி ரோசலினுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் நர்ஸ். தெரிந்தால் பொட்டலம் குப்பைக்குப் போகும், பின்னாலேயே நானும் போவேன். மோலிக்குப் பொழுது போகட்டும் என்று குருவிகளுக்குத் தீனி வைப்பதாகச் சொல்லியிருந்தேன். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து அவள் உள்ளறையில் தூங்குகிற நேரத்தில்தான் கூடையை எடுப்பேன். இரண்டாம் ஷிப்டுக்கு மில்லுக்குக் கிளம்புமுன் பரணில் ஏற்றிவிடுவேன்.

மோலியிடம் மட்டும், ஒரு புறா வரும், வந்தால் நீ நடப்பாய் என்று சொல்லியிருந்தேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

இதுவரை மூன்று தடவை புறா வந்தது. மூன்று தடவையும் கூடைக்கு ஒரு சாண் தூரத்தில் எதற்கோ மிரண்டு பறந்துவிட்டது. பூனையைத் திட்டினேன். பருந்தைத் திட்டினேன். நாச்சம்மாளின் கண்ணைத் திட்டினேன். எனக்கு அலுத்துவிட்டது. ராத்திரி மில்லிலிருந்து வந்து படுத்தால் நாலு மணி நேரம்தான் தூக்கம். கண் அசந்தாலும் நழுவிவிடாமலிருக்கக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டேன்.

அப்போது மதிலிலிருந்து இறங்கியது. கழுத்தெல்லாம் புள்ளி வைத்த மணிப்புறா.

தலையை ஆட்டி ஆட்டி நடந்து வந்தது. நின்றது. கூடைக்கடியில் கழுத்தை நீட்டி ஒரு ராகியைக் கொத்தியது. இன்னொன்று. இப்போது வால் மட்டும்தான் வெளியே இருந்தது.

கர்த்தரே என்றேன்.

ஓட்டாஞ்சில்லு ஒன்று பறந்து வந்து கூடையின் மேல் டொக்கென்று விழுந்தது. புறா படபடத்து எழும்பியது. நான் பதறிக் கயிற்றை இழுக்க, கூடை வெறும் ராகியின் மேல் கவிழ்ந்தது.

நாச்சம்மாள் பெற்றவைகளை இன்று விடுவதில்லை என்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தேன்.

மதிலருகே யாருமில்லை. உள்ளறைச் சன்னல் திறந்திருந்தது. ரோசலின் நின்றிருந்தாள். அவிழ்ந்த தலை, சிவந்த கண். கையில் இன்னும் இரண்டு சில்லு.

மூன்று தடவையும் அவள்தானாம். பொட்டலமும், அதன்மேல் நான் குறித்து வைத்திருந்த புறா, நாற்பத்தெட்டு நாள் கணக்கும் முதல் வாரமே அவள் கண்ணில் பட்டுவிட்டதாம். காலை எட்டு மணிக்குப் படுக்கப் போகிறவள் இத்தனை நாளும் தூங்கவேயில்லை. சன்னலில் நின்று, புறாவுக்காக என்னைப்போலவே காத்திருந்திருக்கிறாள்.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ பெற்றவள்தானா என்றும் கேட்டுவிட்டேன். கேட்ட உடனே வெட்கமாக இருந்தது.

அவள் பின்கட்டு வழியாக மெல்ல வெளியே வந்தாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை.

"புறா கெடைச்சிட்டா, அம்பதாவது நாள் கால் எழும்பலைன்னு தெரிஞ்சு நீங்களும் என்ன மாதிரி ஆயிடுவீங்க. வீட்டுல ஒருத்தருக்காவது நம்பிக்கை இருக்கட்டுங்க."

முன்னறைக் கட்டிலிலிருந்து மோலியின் குரல் வந்தது.

"அப்பா, வந்துச்சா?"

ரோசலின்தான் பதில் சொன்னாள்.

"நாளைக்கு வரும் கண்ணு."

சில்லு இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு குனிந்து, கூடையைத் தூக்கி, தானே குச்சியை முட்டுக் கொடுத்து வைத்தாள்.