துணை ஆணையரின் போன்

"போனைக் கொடுக்காம இந்த வாசலைத் தாண்ட முடியாது சார்!"

ஆர்லீன் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் ஓய்வுபெறும் படிவம் இருந்தது. ஆவணப் பிரிவில் அவள் கையெழுத்துப் போடாமல் சாலைத் துறையை விட்டு எந்தப் பெரிய அதிகாரியும் வெளியேற முடியாது.

துணை ஆணையர் ஹேகன் பெருமூச்சு விட்டார். "கீழ கேக் வெட்டக் காத்திருக்காங்கம்மா. போன்ல என் பேத்தி படம்தான் இருக்கு."

"கதை விடாதீங்க சார். மூணு வாரத்துக்கு முன்னாடி போனும் கையுமா நீங்களாத்தான் வந்தீங்க. என் மேசை முன்னாடி உக்காந்த அடுத்த நிமிஷம் பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னீங்க. இன்னமும் ஞாபகம் வரலையா?"

பெரிய அதிகாரிகளின் செய்தி ஒன்றுகூட அழியக் கூடாது என்பது சட்டம். சாதாரண ஊழியர்களின் செய்திகளோ தொண்ணூறு நாளில் தானாக அழிந்துவிடும். ஆர்லீனின் தம்பி டெல்மரின் பிழைப்பு அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

டெல்மர் பால ஆய்வாளன். ஜனவரியில் ஒரு பாலம் விரிசல் விட்டு, லாரி கவிழ்ந்து, ஓட்டுநருக்கு ஒரு கால் போனது. பழி டெல்மர் தலையில் விழுந்தது. "பாலத்தை மூடச் சொல்லி விபத்துக்கு முந்தின நாளே ஹேகனுக்கு மெசேஜ் போட்டேன்க்கா. என் போன்ல அழிஞ்சுபோச்சு. அவர் போன்லயும் இருக்காது" என்று அக்காவிடம் அழுதான். திங்கட்கிழமை விசாரணை. அவன் தன் தம்பி என்று அவள் அலுவலகத்தில் மூச்சு விடவில்லை.

"சில விஷயம் கிடைக்காம இருக்கறதே நல்லதும்மா" என்றார் ஹேகன். அவர் பார்வை அவள் மேசைமேல் இருந்த படத்தில் நின்றது. உறைந்த ஏரியில் ஒருவன் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்திருந்தான். குல்லாவுக்கும் கழுத்துத்துணிக்கும் நடுவே மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

"யாருக்கு நல்லது? உங்களுக்கா?" அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்பக் கொடுக்கலன்னா ஆளுநர் ஆபீசுக்கே எழுதுவேன்."

ஹேகன் பாஸ்வேர்டு போட்டுப் போனைத் திறந்து மேசைமேல் வைத்தார். அவள் வயரைச் சொருகினாள். செய்திகள் மளமளவென்று நிரந்தரச் சேமிப்பில் ஏறின. ஏறியதை இனி அவள் நினைத்தாலும் அழிக்க முடியாது.

அவள் அந்தத் தேதியைத் தேடிப் பிடித்தாள்.

ஹேகன் கேட்டிருந்தார்: 'டெல்மர், பாலத்துல விரிசல்னு புகார் வருது. நேர்ல போய்ப் பாத்தியா? மூடணுமா?'

டெல்மரின் பதில்: 'பாலத்துலதான் நிக்கறேன் சார். ஒண்ணுமில்ல, திறந்தே இருக்கட்டும்.'

அடுத்த நொடியே, வேறு யாருக்கோ அனுப்ப நினைத்துக் கைதவறி அவருக்கு அனுப்பிய ஒரு படம். உறைந்த ஏரி, குல்லா, பெரிய மீன்.

ஆர்லீன் திரையைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

ஹேகன் படிவத்தை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

"அன்னைக்கு மேசைமேல இந்தப் படத்தைப் பாத்த பிறகுதாம்மா எனக்குப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு."