சுவரில் மாட்டிய போட்டோ

அமெரிக்காவில், டெக்சாஸின் சுகர் லேண்ட் ஊரில் வான்மதிக்குப் பிரசவ வலி எடுத்தபோது, கணவன் சபரிநாதனிடம் இன்னும் லைசென்ஸ் இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் எர்ல்தான் காரை எடுத்தார்.

ஃப்ரீவேயில் கார் பறந்தது.

"ஏங்க, மெதுவா போகச் சொல்லுங்க."

"பயப்படாத வானு. அம்பதுகள்ல ரேஸ் கார் டிரைவ் பண்ணினவரு. அவர் வீட்டுச் சுவர் பூரா ரேஸ் போட்டோதான். ஜெயிக்காதவன் போட்டோவ யாராவது மாட்டுவாங்களா?"

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம் பெண் குழந்தை பிறந்தது. சபரிநாதன் ஓடிவந்து எர்லின் கைகளைக் குலுக்கினான்.

"மொத்தம் எத்தனை ரேஸ் ஜெயிச்சிருக்கீங்க, மிஸ்டர் எர்ல்?"

கிழவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்தொரு பந்தயம் ஓட்டினேன். எல்லாவற்றிலும் பாதி வழியிலேயே எதன்மீதாவது மோதிவிடுவேன். கடைசிவரை ஓட்டிப் போய்ச் சேர்ந்தது இன்றைக்குத்தான்."