மாலை கழற்றாத சாமி

ஸ்டூல் ஆடியது. அவன் பரணைப் பிடித்துக்கொண்டான்.

கழுத்தில் துளசி மாலை. இடுப்பில் கறுப்பு வேட்டி. கையில் பாதி தீர்ந்த களிம்பு ட்யூப்.

மனைவி பால் வாங்கப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் இதை ஒளித்தாக வேண்டும்.

இத்தனை நாள் அது அவனுடைய ஜோல்னாப் பையில், விபூதிப் பொட்டலத்துக்கு அடியில் இருந்தது. மாலை போட்ட சாமியின் பையை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை. ஆனால் இன்று சாயங்காலம் குருசாமி வந்து மாலையைக் கழற்றப்போகிறார். பை துவைக்கப் போய்விடும்.

சபரிமலையிலிருந்து வந்து எட்டு நாளாகிறது. கூடப் போனவர்கள் வந்த அன்றைக்கே மாலையைக் கழற்றிவிட்டு, மறுநாள் பிரியாணிக் கடையில் நின்றார்கள். இவன் மட்டும் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாமி இன்னும் மலை எறங்கலீங்களா?” என்று தெருமுனை இஸ்திரிக்காரர்கூடக் கேட்டுவிட்டார்.

மாலை போட்டது பக்தியால் இல்லை. மருவால்.

இடுப்புக்குக் கீழே, மனைவி தவிர யாரும் பார்க்காத இடத்தில், ஐந்து மரு. உள்ளூரில், உடுமலையில் காட்டினால் தெரிந்தவர்கள் கண்ணில் படுவோம் என்று கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினான். டாக்டர் நிதானமாகச் சொன்னார். இந்தக் கிருமி உடம்பில் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது. களிம்பில் போய்விடும். ஆறும்வரை சேராமல் இருங்கள். வீட்டுக்காரம்மாவையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள்.

களிம்பை வாங்கிக்கொண்டான். கடைசியாகச் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

மறு வாரம் கார்த்திகை பிறந்தது. மாலை போட்டால் கூடத்தில் தனிப் பாய். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவளும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவளும் ‘சாமி’ என்றுதான் கூப்பிட்டாள். அதற்கு முன்பெல்லாம் ‘ஏனுங்க’. தேங்காய் உடைக்க ஆள் வேண்டுமென்றாலும் அதுதான், அவன் மேல் ஆசை வந்தாலும் அதுதான். அறுபது நாளாக அது இல்லாமல் வீடு ஒரு மாதிரி இருந்தது.

விரதத்தில் பொய் சொல்லக் கூடாது. தினமும் இரண்டு வேளை பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, அதற்கும் சேர்த்து ஐயப்பனிடம் மன்னிப்புக் கேட்டான்.

களிம்பு போட்ட இடம் எரிந்தது. அவளுக்கும் கொடுத்துவிட்டோமோ என்ற நினைப்பு அதைவிட எரிந்தது. சொன்னால், யாரிடம் போனாய் என்று கேட்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் யாரிடமும் போனதில்லை. நம்புவாளா? ஒன்றும் கேட்காமலே அம்மா வீட்டுக்குப் போய்விட்டால்?

போன வாரம், மாலையைக் கழற்ற வேண்டும் என்று ஒப்புக்குச் சொல்லிப் பார்த்தான். அவள் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். இரண்டு மாதமாக அப்படித்தான். இடுப்பு வலி என்றாள். அவன் தைலம் வாங்கிக் கொடுத்திருந்தான்.

“அவசரமொன்னுமில்லீங்க சாமி. இன்னும் பத்து நாள் இருக்கட்டும்.”

நிம்மதியாக இருந்தது. கூடவே வருத்தமாகவும் இருந்தது. இவள் என்னைத் தேடவே இல்லையா?

பரணில் பழைய மிக்ஸியின் அட்டைப்பெட்டி இருந்தது. மிக்ஸி போய் மூன்று வருஷம். பெட்டியை யாரும் தொடுவதில்லை. உள்ளே கையை விட்டான்.

அங்கே ஏற்கெனவே ஒரு ட்யூப் இருந்தது.

அதே களிம்பு. அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கழுத்துவரை கொண்டுவந்திருந்தது. பற்பசையை நடுவில் அமுக்குகிறவன் அவன். அடியிலிருந்து சுருட்டுகிறவள் அவள். பத்து வருஷமாக அதில் சண்டை.

கீழே இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஸ்டூல் மறுபடி ஆடியது. இதில் ஏறித்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்திருக்கிறாள். எந்த ஊருக்கு பஸ் ஏறினாளோ. எந்த டாக்டர் முன்னால் தனியாக உட்கார்ந்தாளோ. இங்கே ஒரு மடையன் இடுப்புக்குத் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

யாரிடம் போனாய் என்று அவன் கேட்டுவிடுவான் என அவளும் பயந்திருப்பாள். யாரிடமிருந்து யாருக்கு என்ற கேள்வி அவனுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தது. பிறகு போய்விட்டது. அவள் மேல் அத்தனை பிரியமாக இருந்தது.

கேட் சத்தம் கேட்டது.

அவன் ஒளிக்கவில்லை. இரண்டு ட்யூபையும் அடுப்பு மேடையில், காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான். கூடத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்தான்.

அவள் சமையலறைக்குள் போனாள். பால் பாத்திரத்தை வைக்கும் சத்தம் வந்தது. அடுப்பு பற்றவைக்கும் சத்தம் வரவில்லை.

வெகுநேரம் வரவில்லை.

குருசாமி வருவதற்கு இன்னும் ஒரு பகல் முழுக்க இருந்தது. மாலை கழுத்தில்தான் இருந்தது.

“ஏனுங்க” என்று கூப்பிட்டாள்.